ஓரெழுத்து தள்ளி

அனுப்பர்பாளையம் ஜெராக்ஸ் கடையில்
பக்கம் மூன்று ரூபாய்.
பாட்டு நாலு பக்கம், கட்டம் ஒரு பக்கம்.
கடைக்காரர் கடைசித் தாளைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"என்னங்க அம்மிணி, ஜாதகமுங்களா?"

நெடுக்கே ஆறு கோடு, குறுக்கே அஞ்சு,
உள்ளே மூன்று கரும்புள்ளி.
தலைமேல் பெருக்கல் குறி போட்டிருந்தால்
அந்தக் கம்பியைத் தொடக் கூடாது.
வட்டம் போட்டிருந்தால்
அதை அது பாட்டுக்கு விட வேண்டும்.
ஜாதகந்தானுங்க என்றேன்.

கிட்டார் என்னுடையதல்ல.
கட்டிக்கொண்டு காங்கயம் போன சௌடேஸ்வரி
வாளி, குக்கர், தலையணை வரை எடுத்துக்கொண்டு
இதை மட்டும் கட்டிலுக்கடியில் விட்டுப் போனாள்.
போன் செய்தால்
"வெச்சுக்கோ புள்ள, அங்கயே கெடக்கட்டும்" என்கிறாள்.
பின்னால் குக்கர் விசில் விடுகிறது.

ஷிப்டு முடிந்து ஒன்பதரைக்கு
தாளைச் சுவரில் செல்லோடேப்பால் ஒட்டி
எதிரே சப்பணமிட்டு உட்காருவேன்.
சி வந்துவிட்டது. ஜி வர மூன்று வாரம்.
எஃப் மட்டும் இன்னும் வரவில்லை.
ஒற்றை விரலைப் படுக்கப்போட்டு
ஆறு கம்பியையும் அமுக்கச் சொல்கிறது கட்டம்.
அமுக்கினால்
ஈரத்துணி உதறிய சத்தம் வருகிறது.
அந்த வரி வந்தால் வாயால் மட்டும் பாடிக் கடந்துவிடுவேன்.
அறைத்தோழிகள் இருவரும்
அந்த வரிதான் நன்றாக இருக்கிறதென்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு
பேக்கிங் செக்‌ஷன் எட்வின் கேட்டான்.
மாதா கோயிலில் வாசிக்கிறவன்.
பாதியில் கையைத் தூக்கினான்.
"எங்கியோ இடிக்குதுங்க."
தாளருகே மூக்கை வைத்துப் பார்த்துச் சிரித்தான்.

கடைக் கம்ப்யூட்டரில் எழுத்துரு மாறியிருக்கிறது.
முதல் துவைப்பில் பனியன் இழுத்துக்கொள்வதுபோல்
தமிழ் வரியெல்லாம் சுருங்கிவிட்டது.
மேலே கார்டுகள் மட்டும் நின்ற இடத்தில் நிற்கின்றன.
'மழை'யில் ம-வின் தலைக்கு மேல் இருக்க வேண்டிய
ஏ மைனர்
ழை-யின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.
இரண்டு மாதமாக
ஓரெழுத்து தள்ளியே எனக்கு மழை பெய்திருக்கிறது.

செக்கிங் மேசையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் உண்டு.
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்,
எங்கே என்று காட்ட ஒட்டுவோம்.
ஒரு பட்டை எடுத்துவந்து
பாட்டு முழுக்க ஒட்டினேன்.
பதினோரு டேமேஜ்.
இத்தனை இருந்தால் அந்தப் பீஸை
எங்கள் சூப்பர்வைசர் கையால் தொட மாட்டார்.

அம்பைப் பார்த்து வாசித்தேன்.
எட்வின் தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.
அவன் போனபின் மறுபடி வாசித்தேன்.
பத்து இடம் சரி.
மழையில் மட்டும் கை கேட்கவில்லை.
ம-வென்று உதட்டை மூடியதும்
கார்டு வந்து நிற்கிறது,
கதவைத் திறக்குமுன் உள்ளே வந்த ஆள் மாதிரி.
என்னுடைய பிசகில்
உதடு மூடி, ஒரு நொடி ஒன்றுமில்லாமல் இருந்து,
பிறகுதான் அது விழும்.

யாருக்குத் தெரியப்போகிறதென்று
அந்த ஒரு அம்பை நகத்தால் கிள்ளினேன்.
பசை நல்ல பசை.
ம-வையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது.
இப்போது தாளில்
ழை மட்டும் இருக்கிறது, தலையில் ஏ மைனரோடு.

காலையில் மேசையில்
சூப்பர்வைசர் என் முழங்கையைப் பார்த்தார்.
ஒட்டியிருந்த சிவப்பு அம்பை எடுத்துத்
திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.
"இது எந்தப் பீஸுதுங்க?"

பக்கத்தில் நானூறு சட்டை மடிக்காமல் கிடந்தன.
தேடித் தருகிறேன் என்றேன்.